பழைய பவர் சப்ளை ஏன் போனது என்று பார்த்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள்

ஐப்பசி மாதத்து இடிமழை ஒரு இரவு அடித்து ஓய்ந்தால், மறுநாள் காலையிலேயே ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்து ரிப்பேர் கடைகளின் மேசை நிறைந்துவிடும். டிஷ் டிகோடர், ரவுட்டர், டிவி, கோயில் அம்ப்ளிஃபயர் எல்லாம் துணியில் சுற்றியும் உரப்பையில் போட்டும் வந்து சேரும். பெரும்பாலானவற்றில் போயிருப்பது பவர் சப்ளைதான், அதாவது சுவரில் வரும் கரண்ட்டைச் சாமானுக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பகுதி. "புதுசு ஒன்னு போட்டுக் குடுங்க" என்பார்கள். போடுவது பெரிய வேலை இல்லை. பழையது ஏன் போனது என்று பார்க்காமல் போட்டால், புதியதும் அடுத்த மழைக்குள் அதே உரப்பையில் திரும்பி வரும். இதைவிடப் பெரிய ஆபத்து, உள்ளே கரண்ட்டைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டரை இறக்காமல், அதாவது தேங்கியதை வெளியேற்றாமல், கைவைப்பது. அதில் உயிரே போகலாம்.

யார் எதைச் செய்யலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். வெளியே தொங்கும் அடாப்டரை மாற்ற, அதன் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும். கம்ப்யூட்டர் பவர் சப்ளையையும், கெமராக்களுக்குப் போடும் தகரப்பெட்டி பவர் சப்ளையையும் வோல்ட், ஓம் அளக்கும் மீட்டரைப் பிடிக்கத் தெரிந்தவர் முழுசாகக் கழற்றி மாற்றலாம். டிவிக்குள் இருக்கும் பவர் போர்டில் கைவைக்க அதைவிடக் கூடுதல் பழக்கம் வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம். அதிலுள்ள கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கும் மேலே நிற்கும். கீழே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசி, பவர் சப்ளைக்குள் நுழைந்ததும் நான்கு டயோட் வழியாக டிசி ஆகிறது. 230ஐ 1.414ஆல் பெருக்கினால் 325. அந்த 325 வோல்ட்டைத்தான் 400 வோல்ட் என்று அச்சிட்ட பெரிய கெப்பாசிட்டர் தாங்கி நிற்கிறது. சின்ன டிகோடரில் இது 22 முதல் 47 மைக்ரோஃபாரட் வரை இருக்கும். டிவியில் 100ஐத் தாண்டும். பிஎஃப்சி (உள்ளே இழுக்கும் கரண்ட்டைச் சீராக்கும்) சுற்று உள்ள நல்ல கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் 390 மைக்ரோஃபாரட்டும் இருக்கும், அங்கே வோல்ட்டேஜும் 380க்கு மேல் ஏறும். அதில் தேங்கியிருப்பது ஏறத்தாழ 29 ஜூல். நெஞ்சுக்குக் குறுக்கே கைக்குக் கை பாய்ந்தால் இதயத்தை நிறுத்தப் போதுமானது.

பலரும் தப்பாகக் கணக்குப் போடும் இடம் ஒன்று உண்டு. நன்றாக வேலை செய்யும் பவர் சப்ளையின் பிளக்கைக் கழற்றினால், அது தன் கெப்பாசிட்டரில் இருப்பதைத் தானே தின்றுவிடும். சில விநாடிகளில் உள்ளே பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. செத்த பவர் சப்ளை அப்படியில்லை. ஃபியூஸ் நல்லாயிருந்து, சப்ளையை ஓட்டும் ஐசியோ, அதைத் தொடக்கிவைக்கும் ஸ்டார்ட் ரெசிஸ்டரோ மட்டும் போயிருந்தால், கெப்பாசிட்டர் முழுசாக ஏறி நிற்கும். இறக்க உள்ளே எதுவும் ஓடாது. மேசைக்கு வந்து அரை மணி நேரம் கழித்தும் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். லைட் எரியவில்லை, சத்தம் இல்லை, "செத்துப்போச்சு" என்று நினைத்துத் தொடுகிற அந்தப் பெட்டிதான் அதிகம் அடிக்கும்.

இறக்குவதற்கு ஒரு கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் சிமெந்து ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள். அதன் இரண்டு காலிலும் ஒவ்வொரு அடி நீள வயரைப் பற்றவைத்து, பற்றவைத்த இடங்களைச் சுருங்கும் குழாயால் மூடுங்கள். வயர் முனைகளில் பழைய மீட்டரின் ஊசிகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பயன்படுத்தும் முறை இதுதான். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணில் படுகிற இடத்தில் மேசை மேல் வையுங்கள். மீட்டரை டிசி 600 அல்லது 1000 வோல்ட்டில் போட்டு, பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளவெடுங்கள். பிறகு ரெசிஸ்டர் ஊசிகளை அதே கால்களில் ஐந்து விநாடி பிடியுங்கள். மறுபடி அளந்தால் சில வோல்ட்தான் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை அளங்கள். பெரிய கெப்பாசிட்டர்கள் இறக்கிய பிறகும் தாமாகக் கொஞ்சம் ஏறும். 10 வோல்ட்டுக்குக் கீழே நிலைத்து நின்றால்தான் கைவைக்கலாம்.

அளக்கும்போது கறுப்பு ஊசியை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். பெரிய கெப்பாசிட்டரின் மைனஸ் காலும், 12 வோல்ட் வெளிவரும் பக்கத்து மைனஸும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் தொடர்பில்லாத இடைவெளி இருக்கும், போர்டில் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். வெளிப்பக்க மைனஸில் கறுப்பு ஊசியை வைத்து, பெரிய கெப்பாசிட்டரின் பிளஸ்ஸில் சிவப்பை வைத்தால் மீட்டர் உண்மையைக் காட்டாது. "ஒன்னும் இல்லை" என்று நம்பி ஏமாறுவது இங்கேதான். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் 200 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். ஒவ்வொன்றிலும் 160 வோல்ட் அளவில் இருக்கும், ஆகவே இரண்டையும் தனித்தனியாக இறக்க வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவரால் ஷோர்ட் பண்ணுவது பழைய பழக்கம். நுனி உருகித் தெறிக்கும், போர்டின் செப்புத் தடம் கிழியும், சில சமயம் நல்லாயிருந்த கெப்பாசிட்டரும் உள்ளே கெட்டுப்போகும். தெறிக்கிற உலோகத் துளி கண்ணை நோக்கித்தான் வரும், ஏனென்றால் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கரண்ட் உடம்பு வழியாக நிலத்துக்குப் போனால்தான் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழும். கெப்பாசிட்டரின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் உங்கள் விரல்கள் இருந்தால் அதற்கு ஒன்றுமே தெரியாது. ஆகவே லயத்துக் காம்பராவின் ஈரச் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்யாதீர்கள். காய்ந்த பலகை, ரப்பர் செருப்பு, பகல் வெளிச்சம் மூன்றும் வேண்டும். மோதிரம், கைச்சங்கிலியைக் கழற்றி வையுங்கள். அளக்கும்போது ஒரு கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குக் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். யாருக்காவது அடித்துவிட்டால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு 1990க்கு அழைக்க வேண்டும். கையால் இழுக்கப் போனால் இருவரும் மாட்டிக்கொள்வீர்கள்.

எதனால் போனது

புதியதை வாங்குவதற்கு முன் பழையதைத் திறந்து பாருங்கள். உள்ளே இருக்கிற கருகலே பாதி கதையைச் சொல்லிவிடும்.

இடி அடித்ததென்றால், பிளக் நுழையும் பக்கத்தில் நீல நிற அல்லது மஞ்சள் நிறத் தட்டு ஒன்று வெடித்துச் சிதறியிருக்கும். அதுதான் அளவுக்கு மீறி வரும் வோல்ட்டை வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர், மேலே 10டி 471 அல்லது 14டி 471 என்று இருக்கும். ஃபியூஸின் கண்ணாடி உட்புறம் வெள்ளி பூசினாற்போலோ கறுத்தோ இருக்கும், ஐசியின் முதுகில் குழி விழுந்திருக்கும். இடி கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. கூரை மேல் இருக்கும் டிஷ்ஷின் கேபிளால் வரும், டெலிபோன் வயராலும் வரும். எனவே டிகோடரின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் கேபிளை விட்டுவைத்தால் பாதிப் பாதுகாப்புத்தான். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் மலைக்கு மேல் கறுத்து வந்தால் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

ஒரே இரவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் மூன்று நான்கு சாமான் போயிருந்தால், இடியும் இல்லையென்றால், நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) விட்டிருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். மும்முனை லைனில் நியூட்ரல் அறுந்தாலோ தளர்ந்தாலோ ஒரு வீட்டில் வோல்ட்டேஜ் இறங்கி, இன்னொரு வீட்டில் 400ஐ நெருங்கும். அடையாளம் எளிது: யாராவது கேத்தல் போட்டதும் சில வீடுகளில் பல்ப் மங்கி, சில வீடுகளில் பளிச்சென்று கூடும். பெட்டிக்குள் பெரிய கெப்பாசிட்டரின் தலை பிளந்து, மீன் அழுகிய வாடை வரும், காகிதம் போல ஏதோ வெளியே வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் புதியதை மாட்டவே கூடாது. மெயினை அணைத்துவிட்டு மின்சார சபையின் 1987க்குச் சொல்லுங்கள். சரி செய்த பிறகு சுவர்ப் பொயின்டில் அளந்து பாருங்கள். நம் நாட்டில் வர வேண்டியது 230 வோல்ட், 6 வீதம் கூடலாம் குறையலாம். 216க்கும் 244க்கும் இடையில் நின்றால் நல்லது. இரவு ஏழு மணிக்கு, எல்லா வீட்டிலும் அடுப்பும் லைட்டும் ஓடும்போதும் ஒரு தடவை அளங்கள். டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், லைன் முனையில் இருக்கும் லயங்களில் பகலில் 225 காட்டும் பொயின்ட், அந்த நேரத்தில் 180க்கு இறங்குவதுண்டு. அங்கே 200–240 என்று எழுதிய பவர் சப்ளை நிலைக்காது, 100–240 என்று எழுதியதுதான் தாங்கும்.

டிகோடர் மட்டும் மறுபடி மறுபடி போகிறதா? டிஷ்ஷின் முகப்பில் இருக்கும் எல்என்பிக்கு டிகோடர்தான் கேபிள் வழியாக 13, 18 வோல்ட் அனுப்புகிறது. பனியும் மழையும் மாறி மாறி வரும் இடத்தில் அந்தக் கேபிளின் நுனிக்குள் தண்ணி இறங்கி, செப்பு பச்சை பூத்து, உள்கம்பியும் பின்னலும் தொட்டுக்கொள்ளும். அந்தப் பாரத்தை இழுத்தே பவர் சப்ளை களைத்துப்போகும். சோதனை லேசானது: கேபிளைக் கழற்றிவிட்டு டிகோடரைப் போடுங்கள். கேபிள் இல்லாமல் ஒழுங்காக எழும்பி, கேபிளைத் திருகியதும் விழுந்தால் பவர் சப்ளையில் குற்றமில்லை. முனையை இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய கொனெக்டர் போட்டு, டிஷ் பக்க முனையை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்றுங்கள்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் தை, மாசியில் இன்னொரு மாதிரிப் பழுது வரும். விடிகாலையில் போட்டால் எழும்பாது, லைட் மினுக்கி மினுக்கி நிற்கும். பத்து மணிக்கு வெயில் பட்ட பிறகு நல்லாயிருக்கும். வெளிப்பக்கத்துச் சின்னக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோனதுதான் காரணம். காய்ந்த கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு குளிரில் இன்னும் கூடிவிடும். ஹெயார் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டிப் பாருங்கள், எழும்பினால் இதுதான். பழையதில் உள்ள அதே அளவில் (உதாரணமாக 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட்), 105 பாகை என்று எழுதியதாகப் பார்த்து மாற்றினால் சரியாகும். 85 பாகை எழுதியது வேண்டாம்.

விறகடுப்புப் புகைக்கரியும் ஈரமும் சேர்ந்தால் போர்டின் மேல் கரண்ட் ஓடும் பாதை உண்டாகும். அடுப்படிச் சுவரோரம் வைத்த டிவிகளில் இதைக் காணலாம். தேயிலை ஃபெக்டரிகளின் கன்ட்ரோல் பெட்டிகளுக்குள் கொழுந்து நாரும் தேயிலைத் தூசியும் பஞ்சு மாதிரி அடைந்து, 24 வோல்ட் சப்ளையின் காற்றுத் துளைகளை மூடிவிடும். தேயிலைத் தூசி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் சாமான், ஆகவே சூடு, ஈரம் இரண்டும் ஒரே இடத்தில் சேரும். பல்லியும் கரப்பானும் எறும்பும் சூடு தேடி உள்ளே போகும். 325 வோல்ட் தடங்களுக்குக் குறுக்கே பல்லி செத்துக் கிடந்தால் அதுவே காரணம். அது நுழைந்த துளையை மெல்லிய கம்பி வலையால் மூடுங்கள், காற்றை அடைக்காதீர்கள்.

வாங்கும்போது

அடாப்டருக்கு வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1.5 அம்பியர் கேட்கும் டிகோடருக்கு 2 அம்பியர் போட்டால் ஒன்றும் ஆகாது, அது தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். அடுத்தது பிளஸ், மைனஸ் திசை. உருண்டைப் பின்னின் உட்புறம் பிளஸ் என்பது பொது வழக்கம், ஆனால் எல்லாவற்றுக்கும் அல்ல. கோயில் பஜனைக்கும் தேவாலயத்துக்கும் பாவிக்கும் பழைய கேசியோ கீபோர்டுகள் பலவற்றுக்கு 9 வோல்ட், உட்புறம் மைனஸ். ரவுட்டர் அடாப்டரைக் குத்தினால் திசையும் தப்பு, வோல்ட்டும் கூட. சில பழைய கோர்ட்லெஸ் போன்களுக்கும் சின்ன மிக்சர்களுக்கும் வெளியே வருவதே ஏசிதான். அடாப்டர் மேல் வெளியீட்டு வரியில் ஏசி என்று இருக்கிறதா, நேர்கோடும் புள்ளிக்கோடும் போட்ட டிசி அடையாளம் இருக்கிறதா என்று ஒரு விளக்கைப் பிடித்தாவது படியுங்கள்.

பின்னின் துளையும் ஒரு தொல்லை. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டரில் உட்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை. 2.5 துளைப் பின்னை 2.1 ஊசியில் குத்தினால் நுழைந்துவிடும், ஆனால் ஆடும். கேபிள் அசைந்தால் ரவுட்டர் அணைந்து எழும்புகிறதென்றால் அடாப்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சாமானில் கூடுதல் கவனம் வேண்டும். ஜப்பானில் பாவித்து இங்கே வந்த ரேடியோ, அம்ப்ளிஃபயர்கள் 100 வோல்ட்டுக்கானவை. சவூதியில் வேலை செய்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பழைய சாமான்களில் 127 வோல்ட் எழுதியவை உண்டு. அவற்றின் டிரான்ஸ்ஃபோமர் நம் 230ஐத் தாங்காது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் முதுகிலும், தகரப்பெட்டி சப்ளையின் பக்கவாட்டுத் துளைக்குள்ளும் சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115, 230 என்று எழுதியிருக்கும். 115இல் விட்டு இங்கே போட்டால் உள்ளே சுற்று வோல்ட்டை இரட்டிப்பாக்கி 650ஐ நெருங்கும், கெப்பாசிட்டர் துப்பாக்கி மாதிரி வெடிக்கும். புதிதாக வாங்கியதிலும் அந்தச் சுவிட்ச் 115இல் இருந்தே வரலாம். பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

எழுதிய அம்பியர் உண்மையா என்று பார்க்க ஆட்டோவின் 12 வோல்ட் 21 வாட் சிக்னல் பல்ப் போதும். ஒன்று 1.75 அம்பியர் இழுக்கும், இரண்டைப் பக்கவாட்டில் சேர்த்தால் 3.5. 2 அம்பியர் என்று விற்ற அடாப்டரில் ஒரு பல்பை மாட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். வோல்ட்டேஜ் 11.4க்குக் கீழே போனாலோ, உறை கை வைக்க முடியாமல் சுட்டாலோ அது பொய் அடாப்டர். பல்ப் குளிர்ந்திருக்கும்போது முதல் நொடியில் பல மடங்கு இழுப்பதால் சில நல்ல அடாப்டரும் ஒரு தடவை தயங்கித்தான் ஏற்றும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும், ஒரே எழுத்துள்ள இரண்டைக் கையில் எடுத்துப் பாரம் பாருங்கள். லேசானதில் உள்ளே வடிகட்டும் சுருளும் வேரிஸ்டரும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும்.

சில அடாப்டரில் மலை உருவமும் 2000 மீட்டர் என்ற எழுத்தும் அச்சிட்டிருப்பார்கள். காற்று மெலிந்த உயரத்தில் கரண்ட் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது சுலபம் என்பதால் அந்த எல்லை. நுவரெலியா நகரம் 1868 மீட்டர், எல்லைக்குள்தான். ஹோர்ட்டன் சமவெளி உயரத்தில் வேலை செய்பவர்கள்தான் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாட்டும் வேலை

வெளி அடாப்டராக இருந்தாலும், குத்துவதற்கு முன் கருவியின் துளையை ஓம் மீட்டரால் அளங்கள். இரண்டு பக்கமும் மாற்றி அளந்தும் இரண்டு மூன்று ஓம்தான் காட்டினால் உள்ளே ஷோர்ட். முன்பு யாரோ பிளஸ், மைனஸ் மாற்றிக் குத்தி, உள்ளே இருக்கும் காவல் டயோட் ஷோர்ட்டாகி நிற்கும். அந்த நிலையில் எந்த அடாப்டரும் "டிக் டிக்" என்று விட்டுவிட்டு ஓடும்.

தகரப்பெட்டி சப்ளையில் எல், என், எர்த் அடையாளம், அதன் பிறகு மைனஸ் வி, பிளஸ் வி என்று திருகு வரிசை இருக்கும். பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய வயரில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். டிசி பக்கத்தில் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். ஒரே பெட்டிக்குள் கறுப்பு இரண்டு அர்த்தத்தில் வருவதால்தான் 230ஐ டிசி திருகில் கொடுத்து, நான்கு கெமராவையும் ஒரே நொடியில் எரித்துவிடுகிறார்கள். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள், ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி எழுதுங்கள். வயர் நுனிக்கு ஈயம் பூசித் திருகுக்கடியில் வைக்க வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுத்து, சில மாதத்தில் தளர்ந்து சூடாகும். நசுக்கும் முனை போடுங்கள், இல்லையென்றால் வெறும் செப்பை முறுக்கி மடித்து இறுக்குங்கள். பெட்டியைப் பலகையில் பிடிக்கும் திருகு நீளமாக இருந்தால் அடிவழியாகப் போய்ப் போர்டைத் தொட்டுவிடும். பழைய திருகையே பாவியுங்கள்.

நான்கு கெமராவுக்கு இரவில் இன்ஃபிராரெட் லைட்டோடு 2 அம்பியர், ரெக்கோடருக்கு 2 என்றால், 5 அம்பியர் சப்ளை போடுங்கள். முழு அளவில் ஓட விட்டால் ஆயுள் குறையும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 20 மீட்டர் தூரத்துக்கு 1 அம்பியர் போனால் ஏறத்தாழ அரை வோல்ட் வழியில் போய்விடும், மெல்லிய வயரில் அதைவிட அதிகம்.

டிவி போர்டை மாற்றும்போது எல்லாத் திருகும் திரும்பப் போக வேண்டும். துளையைச் சுற்றி வெள்ளி நிற வளையம் இருக்கும் திருகுகள் போர்டை உடலோடு இணைப்பவை. ஒன்றை விட்டாலும் வடிகட்டும் கெப்பாசிட்டர்களுக்குத் தரை கிடைக்காது. போர்டுக்கடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைத் தூக்கி எறிந்துவிட்டால் 325 வோல்ட் தடம் தகரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். திரைக்குப் பின்னால் லைட்டுகளுக்குப் போகும் வயரிலும் 100 வோல்ட்டுக்கு மேல் வரலாம், அதையும் தொடாதீர்கள்.

உள்ளே உதிரிப் பாகம் மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டைக் குழப்பாதீர்கள். வேரிஸ்டர் லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நிற்கும். அதே மாதிரித் தட்டாக இருக்கும் 5டி-9 போன்ற என்டிசி (போட்டதும் பாயும் கரண்ட்டை மட்டுப்படுத்துவது), ஃபியூஸுக்கு அடுத்து வரிசையில் நிற்கும். என்டிசியை வேரிஸ்டரின் இடத்தில் வைத்தால் அது நேரே ஷோர்ட். ஃபியூஸ் டி 3.15 அம்பியர் என்றால் அதேதான், வயர் இழையைச் சுற்றக் கூடாது. 230 வரும் பக்கத்துக்கும் டிசி வெளிவரும் பக்கத்துக்கும் பாலமாக நிற்கும் நீல நிறக் கெப்பாசிட்டரில் ஒய்1 என்று எழுதியிருக்கும். அதன் இடத்தில் சாதாரண 1 கிலோ வோல்ட் செரமிக்கைப் போட்டால், அது ஷோர்ட்டாகும் நாளில் 230 வோல்ட் டிஷ்ஷின் தகரம் வரை போகும். 2200 பிக்கோஃபாரட் ஒய் கெப்பாசிட்டர் ஒழுங்காக இருக்கும்போதே 0.16 மில்லியம்பியர் அளவில் கசியும். ஈரத் தரையில் நின்று டிகோடரைத் தொட்டால் கை கூசுவது அதனால்தான். எர்த் உள்ள மூன்று முள் சாமானில் அந்தக் கூச்சம் இருந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள். பொயின்டில் லைவுக்கும் எர்த்துக்கும் 230 அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டும் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 60, 100 என்று காட்டினால் அந்த மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லாமல் இருக்கலாம். பழைய லயங்களில் இது அரிதல்ல. லைசன்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு எர்த் அடிக்காமல், தகரப்பெட்டிச் சாமானை அங்கே மாட்ட வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குச் சில எச்சரிக்கை. கேபிள் கழற்றி மாட்டும் வகை சப்ளைகளில் ஒன்றின் கேபிளை இன்னொன்றில் பாவிக்காதீர்கள். பிளக் பொருந்தும், உள் வரிசை மாறியிருக்கும், ஹார்ட் டிஸ்க் எரிந்து படங்களும் கணக்கும் சேர்ந்து போகும். புதிய சப்ளையை மதர்போர்டில் மாட்டுவதற்கு முன், பெரிய பிளக்கின் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்தால் காற்றாடி சுற்றும். மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வோல்ட் வரை நல்லது. ஊதா வயரில் கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் நிற்கும். அதனால்தான் பிளக்கைக் கழற்றாமல் ராம் கழற்றக் கூடாது.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது

உள்ளே திறந்து வேலை செய்த எதையும் நேரே சுவரில் குத்தாதீர்கள். ஒரு பலகையில் பல்ப் ஹோல்டரும் பிளக் பொயின்டும் வைத்து, லைவ் வயர் பல்ப் வழியாகப் போய்த்தான் பொயின்டுக்கு வரும்படி சீரிஸில் இணைத்துக்கொள்ளுங்கள். 60 வாட் இழை பல்ப் வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது. இழை பல்ப் கிடைப்பது குறைந்துவிட்டது, கண்ட இடத்தில் இரண்டு வாங்கி வையுங்கள். பவர் சப்ளையை மாட்டிப் போட்டதும் பல்ப் ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால், பெரிய கெப்பாசிட்டர் ஏறிவிட்டது, ஷோர்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே அணையுங்கள்: டயோட் பிரிட்ஜோ (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோட்), மொஸ்ஃபெட்டோ (சுவிட்ச் மாதிரி வேகமாக வேலை செய்யும் பாகம்) ஷோர்ட். பல்ப் இல்லாமல் போட்டிருந்தால் புதிய ஃபியூஸும் மொஸ்ஃபெட்டும் அப்போதே போயிருக்கும். பிஎஃப்சி உள்ள சப்ளைகள் பல்போடு விட்டு விட்டுத் துடிக்கும், அது பழுதல்ல. ஒன்று நினைவிருக்கட்டும், பல்ப் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும், ஆளைக் காப்பாற்றாது. உள்ளே 230 அப்படியேதான் இருக்கும். இந்தக் கட்டத்தில் முகத்தைப் பின்னுக்கு வைத்து, கண்ணாடி போட்டு, சுவிட்சைப் போடுங்கள்.

பல்ப் மங்கிய பிறகு நேரே சுவரில் கொடுத்து வெளியீட்டை அளங்கள். தகரப்பெட்டியில் 12.6 காட்டினால் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகை மெல்லத் திருப்பி 12.0க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கெமராக்களை இணைக்க வேண்டும். பாரத்தோடு மறுபடி அளங்கள். பிளக்கைக் கழற்றி எர்த் முள்ளுக்கும் பெட்டியின் தகரத்துக்கும் ஓம் பாருங்கள், அரை ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. குளிரிலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்த சாமானாக இருந்தால், இத்தனையையும் ஆரம்பிக்கும் முன்பே இரண்டு மணி நேரம் சும்மா வையுங்கள். தகரத்தின் உட்புறம் வேர்த்திருக்கும்.

மூடியைப் போட்டு அரை மணி நேரம் ஓட விட்டு, புறங்கையால் சூடு பாருங்கள். பிறகு ஒரு துண்டு டேப்பில் தேதி, சுவரில் இருந்த வோல்ட், வெளியீட்டு வோல்ட், பழையது போன காரணம் நான்கையும் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். கழற்றிய பழைய போர்டையும் ரெசிஸ்டரால் ஒரு தடவை இறக்கி அளந்துவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும், வீட்டில் பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள்.